₹1,35,000 போச்சு, அஞ்சு வருஷத் தடை வந்துச்சு: விசிட் விசா ஏஜெண்டுகள் பற்றி ஓர் எச்சரிக்கை

கோபத்தோடுதான் எழுதுகிறேன். பிள்ளைகளைக் கனடாவுக்கு அனுப்பிவிட்டு, பேரன் பேத்தியைப் பார்த்து வரலாம் என்று விசிட் விசா போடக் கிளம்பும் டெல்டாக்காரர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பாஸ்போர்ட்டை யார் கையிலாவது கொடுங்கள். அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் சேர்த்துப் போன பணம் ₹1,35,000. அம்மாவுக்குச் சாதாரண ரிஜெக்ஷன். அப்பாவுக்கு ரிஜெக்ஷனோடு ஐந்து வருடத் தடை.

கடைப் பெயரைப் போடவில்லை. அது நுகர்வோர் ஆணையப் புகாரில் இருக்கிறது. எந்த மாதிரிக் கடை என்று மட்டும் சொல்கிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடி. டிக்கெட் புக்கிங், பான் கார்டு, பாஸ்போர்ட் விண்ணப்பம் எல்லாம் செய்து கொடுப்பார்கள். சமீபத்தில் போர்டில் 'விசா கன்சல்டன்சி' என்றும் ஒரு வரி ஏறியிருக்கிறது. கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி, பட்டுக்கோட்டை, எங்கே போனாலும் இப்படி ஒன்று இருக்கும்.

நம்பவைத்தது எது என்று கேட்டால், முதலில் அந்தச் சுவர். மூன்று சான்றிதழ்கள் ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தன. "கவர்ன்மெண்ட் ரிஜிஸ்டர்டு ஐயா, பாருங்க" என்று கடைக்காரர் அப்பாவை எழுப்பிக் கூட்டிப்போய்க் காட்டினார். ஒன்று ஜிஎஸ்டி பதிவு. இன்னொன்று சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு. ஆதாரும் பானும் இருந்தால் எந்தச் சிறுதொழில்காரரும் காசில்லாமல் ஆன்லைனில் எடுத்துவிடலாம். மூன்றாவது ஏதோ பயிற்சி முடித்த தாள். விசாவுக்கும் இவற்றுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர்தான் இந்தியாவின் 1983-ஆம் வருடக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு வாங்க வேண்டும். விசிட் விசா அந்தச் சட்டத்துக்குள்ளேயே வராது.

இரண்டாவது அந்தப் பேச்சு. "இப்ப எல்லா நாட்டுலயும் ரிஜெக்ஷன் ஏறிப்போச்சுங்க ஐயா. நீங்களா போட்டா கண்டிப்பா அடிச்சிருவான். நம்ம ஃபைல்னா எம்பசில தெரியும்." பாதி உண்மையை வைத்துக்கொண்டு முழுப் பொய்யை விற்கிற வேலை இது. ரிஜெக்ஷன் கூடியிருப்பது உண்மைதான். 2024-ல் இந்தியாவிலிருந்து ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்குப் போன சுமார் 11 லட்சம் விண்ணப்பங்களில் 1.65 லட்சம் தள்ளுபடி ஆயின. கனடா 2024 இறுதியில் தற்காலிகமாக வருகிறவர்களின் எண்ணிக்கையைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. அதே வருடம் நவம்பரில், பலமுறை போய்வரும் விசாவை வழக்கமாகவே கொடுத்துவந்ததையும் நிறுத்தியது. ஆனால் எந்த ஏஜெண்டின் ஃபைலுக்கும் அங்கே தனி வரிசை கிடையாது. காசு கட்டி முந்திப்போகிற வழியே விசிட் விசாவில் கனடா வைக்கவில்லை.

மூன்றாவது, "விசா வரலைன்னா நம்ம சர்வீஸ் சார்ஜ் திரும்பிடும்" என்ற வாக்கு. வாயால் சொன்னதோடு சரி. ரசீதின் அடியில் பொடி எழுத்தில், கட்டணம் எக்காரணத்துக்கும் திருப்பித் தரப்படாது என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. பணம் போனது கடைப் பெயரில் இருந்த கணக்குக்கு அல்ல, ஒரு தனியாளின் ஜிபே எண்ணுக்கு. ரசீதில் ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. சுவரில் மாட்டத் தெரிந்த எண்ணை ரசீதில் போடத் தெரியவில்லையாம்.

அந்த ₹1,35,000-க்கு அவர் எழுதிய கணக்கு: கவர்ன்மெண்ட் ஃபீஸ் 48,000, ஃபைல் சார்ஜ் 40,000, டாக்குமெண்டேஷன் 35,000, ப்ரையாரிட்டி ஸ்லாட் 12,000. உண்மையில் கனடா அரசு வாங்குவது ஆளுக்கு விசாக் கட்டணம் 100 கனடிய டாலர், பயோமெட்ரிக் 85 டாலர். இரண்டு பேருக்கு 370 டாலர். நம்ம காசில் 25,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். சென்னை மையத்தில் கைரேகை கொடுக்க நேரம் பதிவதற்குத் தனிக் கட்டணமே இல்லை. ப்ரையாரிட்டி ஸ்லாட் என்பது அவர் கற்பனையில் பிறந்த பொருள்.

பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். ஃபைலுக்குள் நடந்ததுதான் ஆறவே மாட்டேன் என்கிறது.

கனடா விண்ணப்பம் முழுக்க ஆன்லைன். ஒரு மெயில் ஐடியை வைத்து அவர்கள் போர்ட்டலில் கணக்குத் திறக்க வேண்டும். பயோமெட்ரிக் கடிதம், கூடுதல் ஆவணம் கேட்கும் கடிதம், விளக்கம் கேட்கும் கடிதம், முடிவு, எல்லாம் அந்தக் கணக்குக்குத்தான் வரும். இந்த ஆள் அப்பா பெயரில் தானே ஒரு ஜிமெயில் உருவாக்கி, அதற்குத் தன் செல் எண்ணைக் கொடுத்து, பாஸ்வேர்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். "உங்களுக்கு எதுக்கு ஐயா அந்தத் தொந்தரவு" என்றார். சமர்ப்பிக்கும் முன் படிவத்தைக் காட்டச் சொன்னதற்கு, "சர்வர் டைம் அவுட் ஆயிடும், அப்புறம் பிரிண்ட் தரேன்" என்றார். பிரிண்ட் இன்று வரை வரவில்லை.

அப்பாவுக்குச் சில வருடங்களுக்கு முன் அமெரிக்க விசிட் விசா, ஊர் திரும்புவார் என்ற நம்பிக்கை இல்லை என்னும் 214(பி) பிரிவில் மறுக்கப்பட்டிருந்தது. அப்போது கொடுத்த தாளின் நகல் இந்தக் கடையில் கொடுத்த காகிதங்களோடு முதலிலேயே போயிருக்கிறது. கனடா படிவத்தில் நேரடியாகவே ஒரு கேள்வி உண்டு: கனடாவிலோ வேறு எந்த நாட்டிலோ உங்களுக்கு எப்போதாவது விசா மறுக்கப்பட்டதா? ஆம் என்று போட்டு, கீழே இரண்டு வரி விளக்கம் எழுதினால் போதும். பழைய மறுப்பு ஒன்று இருக்கிறது என்பதற்காக மட்டும் யாருக்கும் தடை போடுவதில்லை. இவர் 'இல்லை' என்று போட்டுவிட்டார். அமெரிக்காவும் கனடாவும் விசா விண்ணப்பத் தகவலைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. அதிகாரிக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

அப்படித் தெரிந்தாலும் உடனே தடை போட்டுவிட மாட்டார்கள். முதலில் ஒரு கடிதம் வரும். ப்ரொசீஜரல் ஃபேர்னஸ் லெட்டர் என்பார்கள். உங்கள் படிவத்தில் இப்படி இருக்கிறது, எங்களுக்குக் கிடைத்த தகவல் வேறாக இருக்கிறது, இந்தத் தேதிக்குள் விளக்கம் கொடுங்கள் என்று கேட்கும். தப்பிக்க அதுதான் ஒரே வாசல். அந்தக் கடிதம் அந்த ஜிமெயிலுக்கு வந்திருக்கிறது. இவர் திறந்தாரா, திறந்தும் மறைத்தாரா, எங்களிடம் ஒரு வார்த்தை இல்லை. கெடு போனது. குடிவரவுச் சட்டம் பிரிவு 40-ன் கீழ் தவறான தகவல் தந்தவர் என்று முடிவாகி, ஐந்து வருடத்துக்கு அப்பா கனடாவுக்குள் நுழையத் தகுதியில்லாதவர் ஆனார். இனி வேறு எந்த நாட்டுப் படிவத்தில் அந்தக் கேள்வி வந்தாலும் இதையும் சேர்த்து எழுத வேண்டும்.

அந்தக் கெடு ஓடிக்கொண்டிருந்த நாட்களில் எங்களுக்குக் கிடைத்த பதில்கள் இவை. "இன்னும் ப்ராசஸ்லதான் இருக்கு." "ஹை கமிஷன்ல நம்ம ஆள்கிட்ட பேசிட்டேன் அண்ணே, ரெண்டு நாள்ல முடிஞ்சிரும்." "சார் சென்னைல இருக்காங்க, வந்ததும் கூப்புடச் சொல்றேன்." நேரில் போனால் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் பெண் தம்ளரில் டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். கனடாவில் இருக்கும் தங்கச்சி போன் பண்ணினால் எடுக்கவே மாட்டார். கடைசியில் ரிஜெக்ஷன் கடிதத்தின் முதல் பக்கத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பிவிட்டு, கீழே ஒரு செய்தி: "பேட் லக் ஐயா. ரீ-அப்ளை பண்ணிடலாம், 40,000 மட்டும் கட்டுங்க." ஐந்து வருடத் தடை விழுந்தவருக்கு ரீ-அப்ளையாம். அடுத்த பக்கத்தில் தடை இருப்பது தெரிந்தேதான் முதல் பக்கத்தோடு நிறுத்தியிருக்கிறார்.

முழு ஃபைலையும் தங்கச்சி கனடாவிலிருந்து வாங்கினாள். அங்கே இருப்பவர்கள் 5 டாலர் கட்டி, விண்ணப்பதாரர் கையெழுத்திட்ட ஐஎம்எம் 5744 ஒப்புதல் படிவத்தோடு தகவல் உரிமையில் கேட்டால் நகல் தருகிறார்கள். அந்த 'இல்லை' டிக் அதில்தான் கண்ணில் பட்டது. கூடவே இன்னும் இரண்டு அயோக்கியத்தனம்.

ஒன்று, நிலம். எங்களுடையது கூட்டுப் பட்டா. டெல்டாவில் பாதி வீட்டுக் கதை இதுதான், பாகம் பிரித்தாலும் பட்டா மாறியிருக்காது. சிட்டாவில் அப்பாவோடு பெரியப்பா, சித்தப்பா பெயர்களும் இருக்கின்றன. இவர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பில் அப்பா பெயர் மட்டும் இருக்கிறது, பரப்பளவு மட்டும் மொத்தமும் அப்படியே. தமிழ் மூலமும் பக்கத்திலேயே இணைக்கப்பட்டிருக்கிறது. தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் அதைப் பார்க்க மாட்டார் என்று எந்தத் தைரியத்தில் வைத்தாரோ.

இன்னொன்று, சொத்து மதிப்புக்கான ஆடிட்டர் சான்றிதழ். சீல் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, யூடின் எண் இல்லை. 2019 பிப்ரவரி முதல் சார்ட்டர்டு அக்கவுண்டண்ட் கொடுக்கும் எந்தச் சான்றிதழிலும் 18 இலக்க யூடின் எண் இருந்தாக வேண்டும். சார்ட்டர்டு அக்கவுண்டண்டுகளின் அமைப்பான ஐசிஏஐ-யின் யூடின் தளத்தில் அதைப் போட்டு யாரும் சரிபார்க்கலாம். எண் இல்லாத சான்றிதழ் வெறும் காகிதம். இந்தக் காகிதத்துக்கு டாக்குமெண்டேஷன் என்று 35,000.

இதற்கு நடுவில், உண்மையாகவே உதவியிருக்கக்கூடிய காகிதத்தை அவர் வைக்கவே இல்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சம்பா நெல் போட்ட ரசீதுகள். நெல் பணம் வங்கிக் கணக்கில் மொத்தமாக வந்து விழும். வெளியிலிருந்து பார்க்கிற அதிகாரிக்கு, விசாவுக்காக யாரோ நாலு நாளைக்குப் போட்டுவைத்த பணம் மாதிரிதான் அது தெரியும். ரசீதும் சிட்டா அடங்கலும் சேர்த்து வைத்து, இது இந்தப் போகத்து நெல் பணம் என்று ஒரு வரி எழுதினால் சந்தேகம் தீரும். அது இல்லாததால் அம்மாவின் ரிஜெக்ஷனில் சொத்து, வருமான நிலை என்று ஒரு காரணமும், கனடாவின் 179(பி) விதிப்படி கெடு முடிந்து ஊர் திரும்புவார் என்ற நம்பிக்கை இல்லை என்று ஒரு காரணமும் வந்தன. அறுப்பும் நடவும் பார்க்கிற வீட்டு அம்மா ஊர் திரும்ப மாட்டாராம்.

இந்தப் பக்கத்து ஜனங்கள் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் தலைமுறையாகப் போய் வருகிறவர்கள். அந்த வேலை விசாவில் பாஸ்போர்ட்டை ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பதுதான் வழக்கம். கூத்தாநல்லூரிலும் முத்துப்பேட்டையிலும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இந்தக் கடைகள் பிழைப்பதே அந்தப் பழக்கத்தில்தான். கனடாவைப் பொறுத்தவரை, ஏஜெண்ட் எழுதிய பொய்யும் விண்ணப்பதாரர் சொன்ன பொய்தான். ஏஜெண்டுக்கு ஒரு கீறலும் விழாது. காசு வாங்கிக்கொண்டு விண்ணப்பத்தில் ஆலோசனை சொல்ல அங்கத்திய சட்டப்படி அங்கே பதிவுபெற்ற வக்கீல், பாராலீகல், கியூபெக் நோட்டரி, ஆர்சிஐசி எனப்படும் பதிவுபெற்ற குடிவரவு ஆலோசகர் ஆகியோருக்குத்தான் உரிமை. அப்படி ஒருவர் இருந்தால் ஐஎம்எம் 5476 படிவத்தில் தன் பெயரையும் உறுப்பினர் எண்ணையும் போட்டுக் கையெழுத்து வாங்குவார். எங்கள் ஃபைலில் அந்தப் படிவமே இல்லை. ஏஜெண்ட் என்று ஒருவர் இருந்த தடயமே இல்லாமல் ₹1,35,000 வாங்கியிருக்கிறார்.

இனி விசா போடப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்.

மெயில் ஐடி உங்களுடையதாக இருக்கட்டும், பாஸ்வேர்டும் ஓடிபி வரும் செல்லும் உங்கள் கையில் இருக்கட்டும். இதற்கு ஒத்துக்கொள்ளாத கடையிலிருந்து அப்போதே எழுந்து வந்துவிடுங்கள்.

முழுப் படிவத்தையும் பிரிண்ட் எடுத்து, பழைய ரிஜெக்ஷன் கேள்வியை விரல் வைத்துப் படித்த பிறகு சமர்ப்பிக்கச் சொல்லுங்கள். எந்த நாடு, எந்த வருடம் என்றாலும் மறைக்க வேண்டாம்.

ஆர்சிஐசி என்று யாராவது சொன்னால் அவர்களை ஒழுங்குபடுத்தும் கனடா அமைப்பின் (காலேஜ் என்பார்கள்) தளத்தில் பொதுப் பதிவேடு இருக்கிறது, எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

மூன்று வருட ஐடிஆரை (வருமான வரிக் கணக்கு) ஒரே வாரத்தில் போட்டுத் தருகிறேன், பேங்கில் பணம் காட்டித் தருகிறேன் என்பவர்களிடம் போகவே வேண்டாம். ஐடிஆர் ஒப்புகையில் தாக்கல் செய்த தேதி இருக்கும். விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது, அதை மறைத்து வியாபாரம் என்று காட்ட ஒரு அவசியமும் இல்லை.

ஏற்கெனவே மாட்டியிருந்தால், கனடா குடிவரவுத் துறையின் வெப் ஃபார்ம் வழியாக உங்கள் சொந்த மெயிலைக் கொடுத்து இன்றே தொடர்பு விவரத்தை மாற்றச் சொல்லுங்கள். இந்தியாவில் இருப்பவர் தடைக்கு எதிராக அங்கத்திய ஃபெடரல் கோர்ட்டுக்குப் போக முடிவு கைக்குக் கிடைத்ததிலிருந்து 60 நாள்தான். பணத்துக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம். அதில் தீராவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ரசீது, ஜிபே ஸ்க்ரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். எங்கள் ஏஜெண்ட், தான் அனுப்பியதை 'டிலீட் ஃபார் எவ்ரிஒன்' போட்டு அழிக்க ஆரம்பித்துவிட்டார், நல்லவேளை தங்கச்சி அதற்கு முன்பே எல்லாவற்றையும் எக்ஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தாள்.