நாலு ரோடு டிடிபி கடை: லே-அவுட் அசைன்மென்ட் இருக்கறவங்க படிச்சிட்டு போங்க

5க்கு 4 ஸ்டார். அந்த ஒண்ண எதுக்கு புடிச்சுக்கிட்டேன்னு கடைசில சொல்றேன்.

தர்மபுரி நாலு ரோட்டுல இருந்து உள்ள திரும்புற சந்துல, மாடிப்படிக்கு கீழ இருக்கற சின்ன கடை. வெளிய இருந்து பாத்தா கல்யாணப் பத்திரிகை சாம்பிளும் ஃப்ளெக்ஸும்தான் தொங்கும், இங்க போயி நியூஸ்பேப்பர் பக்கம் பிரிண்ட் எடுக்க முடியுமான்னு யாருக்கும் தோணாது, எங்களுக்கும் தோணல. நாங்க ஜர்னலிசம் ஃபைனல் இயர், அஞ்சு பேரு ஒரு டீம், ஏ3 சைஸ்ல 4 பக்க பேப்பர் ஒண்ணு, ஏ4 சைஸ்ல மேகஸின் ஒண்ணு, ரெண்டையும் டிசைன் பண்ணி பிரிண்ட் போட்டு வைக்கணும், அதுதான் அசைன்மென்ட்.

முதல்ல வேற ஒரு கடைக்குப் போனோம், பேரு வேணாம். பென்டிரைவ வாங்கினாங்க, பிரிண்ட் குடுத்தாங்க, காச வாங்கினாங்க, பத்து நிமிசம்தான். பஸ்ல உக்காந்து விரிச்சுப் பாத்தா மூணாவது பக்கம் பூரா கொம்பு பிச்சுக்கிட்டு நிக்குது, 'தொழிலாளர்'ல கொம்பு தனியா ஒரு புள்ளி வட்டத்தோட தொங்குது. தப்பு எங்களுதுதான், படிச்சுப் பாக்காம அனுப்பினது நாங்க. இருந்தாலும் ஏ3ல இவ்ளோ பெருசா தெரியறத அங்க ஒருத்தர் கூட 'என்னப்பா இது'ன்னு கேக்கலயேன்னு வயிறு எரிஞ்சுது.

இந்தக் கடையில நேர் எதிரு. கடைக்கார அண்ணா ஃபைல தொறந்ததும் பிரிண்ட் பட்டன் பக்கமே போகல, நூறு பர்சன்ட் வெச்சு படிக்க ஆரம்பிச்சிட்டாரு, நாங்க நின்னுக்கிட்டே இருக்கோம். மூணாவது பக்கம் வந்ததும் "இந்த பாக்ஸ மட்டும் வேற யாரோ பண்ணிருக்காங்க, சரியா?"ன்னாரு. ஆமா, பிரெண்ட் ஒருத்தி அவ சிஸ்டத்துல பண்ணி ஒட்டினது. இன்டிசைன்ல (பக்கம் டிசைன் பண்ற சாஃப்ட்வேர்) பாராகிராஃப் செட்டிங்ல வேர்ல்ட்-ரெடி கம்போஸர்னு ஒண்ணு இருக்கு, தமிழுக்கு அதுதான் வெக்கணும், அவ பாக்ஸ்ல சாதா கம்போஸர் இருந்திருக்கு. மாத்துனதும் கொம்பு எல்லாம் ஒழுங்கா போயி அதது இடத்துல உக்காந்துச்சு.

அது ஏன் அப்படி ஆகுதுன்னு கேட்டேன். அதுக்கு அக்கா (அவங்க வீட்டம்மா, டைப்பிங் எல்லாம் அவங்கதான்) ஷெல்ஃப்ல இருந்து ஒரு மர ட்ரேய எடுத்துட்டு வந்தாங்க. அவங்க மாமனாரு அச்சு கோத்தவராம், கால்ல மிதிச்சு ஓட்டற ட்ரெடில் அச்சு மிஷின் இருந்த காலம். ஈய எழுத்து ஒவ்வொண்ணும் கடுகு டப்பா மாதிரி குட்டி குட்டி அறையில கெடக்கு. கொம்பு ஒண்ணு, க ஒண்ணு, கால் ஒண்ணு, மூணையும் பொறுக்கி வரிசையா என் உள்ளங்கையில வெச்சு "இதுதான் கண்ணு கொ"ன்னாங்க, எழுத்து எல்லாம் கண்ணாடில பாக்கற மாதிரி திரும்பி இருக்கு. அச்சு கோக்கறவரு கொம்பத்தான் முதல்ல வெப்பாரு, ஆனா யூனிகோட்ல (கம்ப்யூட்டர் எழுத்த சேத்து வைக்கற பொது முறை) க முதல்ல, அப்புறம்தான் கொம்பும் காலும், அத முன்னாடி பின்னாடி பிரிச்சுக் காட்டறது சாஃப்ட்வேர் வேலை, அந்த வேலை தெரியாத சாஃப்ட்வேர்ல போட்டா இப்படித்தான் தொங்கும். மூணு வருசம் கிளாஸ்ல உக்காந்ததுக்கு இது ஒண்ணு உருப்படியா தெரிஞ்சுது.

அடுத்தது காலம், அதாவது பக்கத்த நெட்டுக்கு பிரிக்கற பத்தி. நாங்க ஏ3 அகலத்துக்கு அஞ்சு காலம் போட்டிருந்தோம், ஒரு காலம் 5 செ.மீ. கூட இல்ல. கவர் ஸ்டோரி சுப்பிரமணிய சிவா, 1913ல 'ஞானபானு' பத்திரிகை ஆரம்பிச்சவரு, 1925ல இங்க பாப்பாரப்பட்டியிலதான் இறந்தாரு, அதனால 'பாப்பாரப்பட்டியிலிருந்து'ன்னு ஒரு வார்த்தை வருது, அது அடுத்த வரிக்கு ஓடிப்போயி மேல வரியில ரெண்டே வார்த்தை, நடுவுல லாரி போற அளவுக்கு கேப். அண்ணா சிரிச்சாரு. தமிழ் பேப்பர்ல எல்லாம் ஹைஃபன் இல்லாமலே வார்த்தைய ஒடச்சு அடுத்த வரிக்கு தள்ளுவாங்க, தினமும் படிக்கறோம், கவனிச்சதே இல்ல. ஒரே ஒரு விஷயம், புள்ளி வெச்ச எழுத்துல வரி ஆரம்பிக்கக் கூடாது. அதாவது 'பாப்பாரப்பட்-டி'ன்னு ஒடைக்கலாம், 'பாப்பாரப்ப-ட்டி'ன்னு ஒடைச்சா பல்லுல கல்லு மாட்டுன மாதிரி இருக்கும். அஞ்சு காலத்த நாலாக்கி, ஒண்ணு 6.3 செ.மீ. வந்துச்சு, பாதி ஓட்டை தானா அடஞ்சுது.

போட்டோல நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டோம். பாலக்கோடு தக்காளி மண்டி படம், செமயா எடுத்தது, ஆனா வாட்ஸ்அப்ல வந்தது. 1600 பிக்சல்தான் இருக்கு, 300 டிபிஐக்கு (ஒரு இஞ்சுக்கு 300 புள்ளி) கணக்கு போட்டா அஞ்சேகால் இஞ்ச் வரும், நாங்க அத பக்கம் அகலத்துக்கு இழுத்து வெச்சிருக்கோம், தக்காளி எல்லாம் செங்கல் மாதிரி கட்டம் கட்டமா. சைஸ் குறையாம வர்றதுக்கு டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லி அங்கயே உக்காந்து போன் பண்ணி மறுபடி வாங்கினோம்.

மேகஸின் 14 பக்கம் பண்ணிருந்தோம். நடுவுல பின் அடிக்கற புக்குன்னா பக்கம் நாலால வகுபடணும், ஒரு தாள மடிச்சா நாலு பக்கம், அவ்ளோ சிம்பிள், எங்க அஞ்சு பேருக்கும் தோணல. அண்ணா நாலு வேஸ்ட் பேப்பர மடிச்சு நம்பர் போட்டுக் காட்டினாரு, 16 பக்கத்துல ஒண்ணும் பதினாறும் ஒரே தாள்ல பக்கத்துல பக்கத்துல வரும், ரெண்டும் பதினஞ்சும் வரும், எத கூட்டினாலும் 17. அந்த டம்மிய இன்னும் வெச்சிருக்கேன். மிச்சம் ரெண்டு பக்கத்துக்கு ராகி களி பத்தி ஒரு பக்கம், ஒகேனக்கல் படம் ஒரு பக்கம்னு போட்டு ஒப்பேத்தினோம் (களி பக்கத்ததான் எங்க மேடம் நல்லா இருக்குன்னு சொன்னாங்க, சிவாவுக்கு ரெண்டு வாரம் அலஞ்சோம்).

ரேட்டு ஏ3 கலர் ஒரு பக்கத்துக்கு 25 ரூபா வாங்கினாங்க, முதல் கடைய விட அஞ்சு ரூபா ஜாஸ்தி. கரெக்‌ஷனுக்கு தனியா காசு கேக்கல. ஜிபே உண்டு.

இப்ப அந்த ஒரு ஸ்டார். முகூர்த்த மாசத்துல போயிடாதீங்க. நாங்க போனது வைகாசி, நாளைக்கு சப்மிஷன், சாயங்காலம் ஆறு மணிக்கு தர்றேன்னாங்க, நடுவுல கல்யாணப் பத்திரிகைக்காரங்க ஒரு குடும்பமே வந்து இறங்கிட்டாங்க, மாமா பேரு விட்டுப்போச்சு, சித்தப்பா பேருக்கு முன்னாடி பட்டம் போடலன்னு ஒரே சண்டை, இருக்கறது ஒரு மிஷின், எங்க வேலை ஒம்பதே முக்காலுக்கு முடிஞ்சுது, பென்னாகரம் பசங்க ரெண்டு பேரு பஸ்ஸ விட்டுட்டானுங்க. போதாக்குறைக்கு கட்டிங்ல மேகஸின் ஓரத்துல பக்க நம்பர் பாதி போச்சு. சுத்தி 3 மி.மீ. ப்ளீட் (வெட்டிப் போறதுக்குன்னு விடற ஓரம்) விட்டிருந்தோம், ஆனா நம்பர ஓரத்துல ஒட்டி வெச்சது நாங்கதான், அதயும் பாத்து சொல்லிருக்கலாம்னு எனக்கு ஒரு ஆதங்கம், அண்ணாகிட்ட கேட்டதுக்கு "அத நான் பாத்திருக்கணும்பா"ன்னு அட்டைய மட்டும் ஃப்ரீயா மறுபடி போட்டுக் குடுத்தாரு, உள் பக்கம் அப்படியேதான் வெச்சோம்.

காலையில பதினோரு மணி வாக்குல போங்க, கடை காலியா இருக்கும். பிடிஎஃப் மட்டும் கொண்டு போகாம ஒரிஜினல் ஃபைலும் ஃபான்ட்டும் சேத்து எடுத்துட்டுப் போங்க, பாமினில (யூனிகோட் இல்லாத பழைய தமிழ் ஃபான்ட்) டைப் பண்ணிருந்தாலும் அக்கா யூனிகோடுக்கு மாத்திக் குடுப்பாங்க. வண்டிய சந்துக்குள்ள விடாதீங்க, எதிர்ல இருக்கற மாவு மில்லுக்காரரு கத்துவாரு.