குழந்தைக்கு வாங்க ஒல்லி பார்பியா, ‘கர்வி’ (curvy, சதைப்பற்றான உடல்) பார்பியா?

1959-இல் வந்த பார்பி பொம்மையின் உயரம் 11.5 அங்குலம். ஒடிந்துவிடுவது போன்ற இடுப்பு, ஹை ஹீல்ஸ் மாட்டுவதற்காகவே எக்கி நிற்கும் பாதம். 1965-இல் வந்த ஒரு பதிப்போடு, 110 பவுண்டில் (சுமார் 50 கிலோ) முள் நிற்கும் எடைப்பொறியும் ‘சாப்பிடாதே’ என்று பின்னட்டையில் அச்சிட்ட எடைக்குறைப்புப் புத்தகமும் கூடவே வந்தன. பட்டினியை இதைவிட வெளிப்படையாக ஒரு சிறுமிக்குக் கற்றுத்தர முடியாது. பிரிட்டனில் 5 முதல் 8 வயதுச் சிறுமிகளிடம் நடத்தி 2006-இல் வெளியான ஆய்வில், பார்பி படங்களைப் பார்த்த சின்னஞ்சிறுமிகளுக்குத் தங்கள் உடல்மீதான நிறைவு குறைந்தது.

2016-இல் வந்த கர்வி வகைக்கு இடுப்பும் தொடையும் பருமன், பாதம் தட்டை. நல்ல மாற்றம்தான். ஆனால் ஒல்லி பொம்மையின் சட்டை இதற்கு ஏறாது, செருப்பும் சேராது. வீட்டில் பழைய உடைகள் மட்டும் இருந்தால் ‘இவள் குண்டு, எதுவும் போட முடியவில்லை’ என்று குழந்தை ஒதுக்கிவிடும். அதனால் அந்த அளவுக்கான இரண்டு மூன்று உடைகளைச் சேர்த்தே வாங்குங்கள். 3 முதல் 10 வயதுச் சிறுமிகளிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்றில், அவர்கள் விளையாட மிகக் குறைவாக விரும்பியது கர்வியைத்தான். ஒல்லிதான் அழகு என்பதை அதற்குள் கற்றுவிடுகிறார்கள்.

இரண்டில் கர்வியே மேல். ஆனால் பொம்மைக்கு டாக்டர் கோட்டு மாட்டினால் போதும் என்று நம்பாதீர்கள். 2014-இல் வெளியான ஆய்வில், டாக்டர் பார்பியோடு விளையாடிய சிறுமிகளும் பையன்களால் முடியும் என்று சொன்ன வேலைகளைவிடத் தங்களால் முடியும் என்று குறைவானவற்றையே சொன்னார்கள். ‘மிஸஸ் பொட்டேட்டோ ஹெட்’ என்ற உருளைக்கிழங்கு வடிவப் பொம்மையோடு விளையாடியவர்களிடம் அந்த இடைவெளி சிறியது.