வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்கக் கொடுப்போர் கவனத்திற்கு: திருச்சியில் எங்களுக்கு நடந்தது

திருச்சியில் உள்ள எங்கள் வீட்டின் முகப்பைப் புதுப்பிக்கும் வேலையை ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் மெட்டீரியலோடு சேர்த்து ஒப்படைத்தோம். தீபாவளிக்கு முன்பு பளபளவென்று முடித்துக் கொடுக்கப்பட்ட அந்த வேலை, வடகிழக்குப் பருவமழை ஒரு சுற்றுப் பெய்து ஓய்வதற்குள் உரியத் தொடங்கிவிட்டது. புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் அவர் பெயரைக் குறிப்பிடவில்லை. பெயரைவிட அவர் கையாண்ட முறைகள் வெளியில் தெரிவதுதான் பயன் என்றும் நினைக்கிறேன், ஏனெனில் விசாரித்தபோது அதே முறைகளில் ஏமாந்த வீடுகள் எங்கள் பகுதியிலேயே வேறு சிலவும் இருந்தன.

கொட்டேஷனில் எழுதிக் கொடுத்தது இதுதான்: பழைய சுவரை அழுத்தத்தில் நீர் பீய்ச்சிக் கழுவி, பாசியையும் பொடியையும் நீக்கி, விரிசல்களை அடைத்து, வெளிப்புறப் பிரைமர் (பெயிண்ட் சுவரைப் பிடிப்பதற்கான அடிப்பூச்சு) ஒரு கோட், உயர்ரக எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் பெயிண்ட்) இரண்டு கோட் அடிப்பது, போர்ட்டிகோ தூண்களில் எலிவேஷன் கற்கள் (முகப்பு அழகுக்கு ஒட்டும் கற்கள்) பதிப்பது. பெயிண்டுக்குச் சதுர அடி 24 ரூபாய். ஏழு ஆண்டு வாரண்டி என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

முதலில் உரிந்தது மேற்குச் சுவர். கொப்புளம் போல எழும்பிய இடத்தில் நகத்தால் லேசாக நெம்பியதும், பால் ஆடையைப் போலப் பெயிண்ட் ஒரே ஏடாகக் கையோடு வந்தது. அந்த ஏட்டின் பின்புறம் முழுவதும் பழைய பூச்சின் வெண்பொடி அப்பியிருந்தது. வெயிலில் பல ஆண்டுகள் காய்ந்த பெயிண்ட் மேற்பரப்பில் பொடியாகிவிடும். அதைக் கழுவி நீக்கி, பிரைமர் அடித்து இறுக்கினால்தான் புதிய பூச்சு சுவரைப் பிடிக்கும். எங்கள் வீட்டில் புதிய பூச்சு பிடித்திருந்தது சுவரை அன்று, அந்தப் பொடியை. நீர் பீய்ச்சும் இயந்திரம் ஒரு நாள் வந்தது உண்மைதான், ஆனால் அது தெருவில் நின்று பார்த்தால் தெரியும் முன்பக்கத்தோடு நின்றுவிட்டது. பிரைமருக்கான வாளி ஒன்றுகூட வீட்டுக்குள் வரவில்லை என்பதைப் பின்னர் எங்கள் கைப்பேசியில் இருந்த படங்களைத் தேதி வாரியாகப் பார்த்தபோது உறுதி செய்துகொண்டோம். இந்தத் தொழிலில் திருடுவதற்கு மிக வசதியானது அடிவேலைதான். மேலே ஒரு கோட் ஏறிவிட்டால் கீழே என்ன இருக்கிறது என்பதை மழைதான் வந்து சொல்ல வேண்டும்.

அடுத்தது அளவும் வாளியும். ஜன்னல், கதவு, கிரில் என எதையும் கழிக்காமல் 3,400 சதுர அடி என்று பில் போட்டிருந்தார். பொறியாளர் ஒருவரை வைத்து அளந்தபோது 2,700 தான் வந்தது. உயர்ரக வெளிப்புற எமல்ஷன் ஒரு லிட்டரில், இரண்டு கோட்டுக்கு, சமமான சுவரில் ஏறத்தாழ 50 முதல் 60 சதுர அடி வரை அடிக்கலாம். அந்தக் கணக்கில் 2,700 சதுர அடிக்கே 45 லிட்டருக்குக் குறையாமல் தேவைப்படும். அவர் சொன்ன 3,400 சதுர அடிக்கு மூன்று இருபது லிட்டர் வாளிகளாவது வந்திருக்க வேண்டும். வந்தவை இரண்டு, அதிலும் பாதி வாளி மீந்ததாகச் சொல்லி எடுத்துக்கொண்டு போனார். ஆக, அவருடைய பில்லே அவருடைய வேலைக்கு எதிரான சாட்சி. மீதிச் சுவரை அடித்தது தண்ணீர்தான். நாற்பது விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர் கலக்கக் கூடாது என்று வாளியின் மேலேயே அச்சிட்டிருக்கிறது.

அந்த இரண்டு வாளிகளும் மூடி திறந்த நிலையில்தான் வந்தன. கேட்டதற்கு, உள்ளே இருக்கும் டோக்கனை எடுக்கத் திறந்ததாகப் பதில் வந்தது. பெயிண்டர்களுக்கென்று நிறுவனங்கள் வாளிக்குள் பணமாக மாற்றிக்கொள்ளும் டோக்கன் வைப்பது வழக்கம்தான். அது உழைப்பவருக்குச் சேரட்டும், அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் அதை நம் வீட்டில், நம் கண் முன்னால் திறந்து எடுத்துக்கொள்ளலாம். கடையில் இயந்திரத்தில் நிறம் கலந்தால் ஷேடு எண்ணும் தேதியும் அச்சிட்ட சீட்டு வாளியில் ஒட்டப்படும்; எங்கள் வாளிகளில் அந்தச் சீட்டு இல்லை. வெள்ளைப் பெயிண்டில் ஸ்டெயினரை, அதாவது நிறம் சேர்க்கும் சாயத்தை, கையால் கலந்திருக்கிறார்கள் என்பது, கிழக்குச் சுவரும் வடக்குச் சுவரும் ஒரே மூலையில் வெவ்வேறு நிறமாகச் சந்தித்தபோது விளங்கியது. விலை உயர்ந்த வாளிக்குள் மலிவு ரகத்தை ஊற்றியிருக்கவும் வாய்ப்பு உண்டு. அதற்கு என்னிடம் சான்று இல்லாததால் புகாரில் சேர்க்கவில்லை.

ஜன்னல் ஓரங்களில் மேடுபள்ளத்தைச் சமப்படுத்தப் பூசியிருந்த பட்டி, மழை நனைத்ததும் விரலை வைத்தால் குழிகிற அளவுக்கு இளகிவிட்டது. வீட்டுக்குள் அடிக்கும் அக்ரிலிக் பட்டியை வெளியில் பூசியிருந்தார்கள். வேலை செய்த பெயிண்டர் ஒருவரைப் பின்னர் சந்தித்துக் கேட்டபோது, “சார், வெளியில இது நிக்காதுன்னு சொன்னோம், இருக்கறத வச்சு முடிங்கன்னு சொல்லிட்டாரு” என்றார். தினக்கூலிக்கு வந்தவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை; அவர்களுக்கும் இரண்டு நாள் கூலி பாக்கியாம்.

பெயிண்ட் உரிந்தால் பணத்தோடு போகும்; கல் விழுந்தால் உயிருக்கே ஆபத்து. போர்ட்டிகோ தூணின் மேல்பகுதியில் இருந்து எலிவேஷன் கல் ஒன்று ஓர் இரவில் பெயர்ந்து, ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்தில் விழுந்து உடைந்தது. அதன் பின்புறச் சிமெண்டில் தூணின் பழைய நீலப் பெயிண்ட் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அதாவது பெயிண்டைச் சுரண்டவும் இல்லை, பரப்பைக் கொத்தி விடவும் இல்லை; மேலேயே சிமெண்ட் பாலைத் தடவி ஒட்டிவிட்டிருக்கிறார்கள். இத்தகைய கற்களுக்குச் சுவரைக் கொத்தி, டைல் பசை கொண்டு பதிக்க வேண்டும். கனமான கற்களாக உயரத்தில் வைத்தால் அவற்றைச் சுவரோடு பிடித்து நிறுத்தும் கிளாம்ப்பும் தேவை. பதித்த கற்களைக் கட்டையால் தட்டிப் பார்த்தால் பிடிப்பில்லாதவை பொள்ளலாக ஒலிக்கும். எங்கள் தூண்களில் பெரும்பாலானவை அப்படித்தான் ஒலித்தன.

இனி அந்த ஏழு ஆண்டு வாரண்டி. பெயிண்ட் நிறுவனத்தின் வாரண்டி என்பது பொதுவாக, அவர்கள் சொன்ன அடிவேலை, பிரைமர், கோட் எண்ணிக்கை ஆகியவற்றைப் பின்பற்றிய சுவருக்கே பொருந்தும். கடை பில்லையும் கேட்பார்கள். நிறுவனத்தின் பிரதிநிதி வந்து பார்த்து, பிரைமர் இல்லாத சுவருக்குப் பொறுப்பேற்க இயலாது என்று சொன்னதில் தவறு காண முடியவில்லை. ஒப்பந்தக்காரரோ, வாரண்டி கம்பெனியுடையது, தன்னுடையது அன்று என்று கைகழுவினார். ஆகவே, வேலைக்கான பொறுப்பை ஒப்பந்தக்காரரே தம் கையொப்பத்தோடு எழுதித் தராத வாரண்டியை ஒரு பொருட்டாகக் கொள்ள வேண்டாம்.

கொட்டேஷனில் 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்திருந்தார், பதிவெண் இல்லை. ஜிஎஸ்டி எண் பதினைந்து எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டது, தமிழ்நாட்டில் பெற்றதாக இருந்தால் 33 என்று தொடங்கும், அரசு இணையதளத்தில் இட்டால் யாருடையது என்று தெரிந்துவிடும். எண் தராதவருக்கு வரி என்ற பெயரில் ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை. பணத்தையும் சாரம் கட்டியதும் இவ்வளவு, பாதி முடிந்ததும் இவ்வளவு என்று கேட்பார்கள். அதைவிடக் கழுவி முடித்ததும், பிரைமர் முடித்ததும் என்று தவணையைப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்த பிறகே கொடுப்பதாக எழுதிக்கொள்வது பாதுகாப்பானது. பெயிண்டை நாமே கடையில் வாங்கி, வேலையை மட்டும் லேபருக்கு விடுவது அதைவிட நல்லது என்பது என் கருத்து.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மிகாதவரை கட்டணம் கிடையாது. முதற்கட்ட ஆலோசனைக்கு 1915 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது. கொட்டேஷன், வங்கி வழியாகப் பணம் அனுப்பிய விவரம், தேதியுள்ள படங்கள், பொறியாளரின் அளவறிக்கை ஆகியவற்றை இணைத்திருக்கிறோம். ஆபத்து கருதித் தூண்களில் இருந்த கற்களைப் படம் எடுத்துவிட்டு இறக்கிவிட்டோம். ஆணையத்தின் சார்பில் யாரேனும் நேரில் பார்க்க வரக்கூடும் என்று வழக்கறிஞர் சொன்னதால், மேற்குச் சுவரை மட்டும் சுரண்டாமல் அப்படியே விட்டு வைத்திருக்கிறோம்.