ஜன்னலில் கையடக்கத் தொலைபேசி, மேசையில் பேச்சு: மூன்றாண்டுப் பாவனை அனுபவம்

ஹட்டனுக்கு அப்பால், பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் நான் லிகிதராக வேலை செய்கிறேன். கருங்கல்லால் கட்டிய பழைய கட்டடம். அதற்குள் கையடக்கத் தொலைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான்: பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகையான கொழுந்து மடுவத்தைப் பார்த்திருக்கும் ஜன்னலின் வலது மூலை. எனது மேசையோ எதிர்ச்சுவர் ஓரத்தில், ஜன்னலிலிருந்து ஐந்து மீற்றர் தள்ளி இருக்கிறது. அழைப்பு வந்தால் எழுந்து ஓடி, ஜன்னல் கம்பியோடு தலையை ஒட்டிக்கொண்டு பேசி, கேட்ட கணக்கைப் பார்த்துச் சொல்வதற்கு மேசைக்குத் திரும்பி, புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் ஜன்னலுக்குப் போவதாகவே பல வருடங்கள் கழிந்தன.

051 இல் தொடங்கும் நிலையான இணைப்பு எங்களுக்கு இல்லாமல் இல்லை. ஆனால் மழைக்காலத்தில் எங்காவது ஒரு மரக்கிளை கம்பியில் விழுந்தால் அது நாட்கணக்கில் ஊமையாகிவிடும். அதனால் லொறிச் சாரதிகள், டிவிசன் கள உத்தியோகத்தர்கள், தேயிலை ஏல நாட்களான செவ்வாய், புதன் கிழமைகளில் கொழும்பிலிருந்து பேசும் தரகர் அலுவலகத்தினர் என எல்லோரும் எனது கையடக்கத் தொலைபேசி இலக்கத்தையே பழகிவிட்டார்கள்.

2022 இறுதியில் அலுவலகத் தொலைபேசிகளை ஒன்றோடொன்றும் வெளி இணைப்போடும் இணைக்கும் பழைய பிஏபிஎக்ஸ் பெட்டியை மாற்றியபோது, எனக்கு புளூடூத் வசதியுள்ள மேசைத் தொலைபேசி ஒன்று கிடைத்தது. சிஸ்கோ 8851, யீலிங்க் டி54டபிள்யூ போன்றவற்றில் இருக்கும் அதே வகை வசதிதான். கையடக்கத் தொலைபேசியை இதனோடு இணைத்துவிட்டால், மேசைத் தொலைபேசியில் அது இன்னொரு இணைப்பாகவே தோன்றும். அதற்கு வரும் அழைப்பு மேசையில் ஒலிக்கும், மேசையின் கைபிடியிலேயே பேசலாம், அங்கிருந்தே எண்ணை அழுத்தி வெளியே அழைக்கவும் செய்யலாம். ஒரே காதுக்கு இரண்டு கருவிகளைத் தூக்கும் அலைச்சலைக் குறைப்பதற்காகவே நகரத்து அலுவலகங்கள் இதை வாங்குகின்றன. எங்களைப் போன்ற இடத்தில் இதன் பயன் முற்றிலும் வேறு. சமிக்ஞை உள்ள இடத்தில் கருவி இருக்கலாம், புத்தகம் உள்ள இடத்தில் மனிதன் இருக்கலாம்.

இணைக்கும் வேலை ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுக்கவில்லை. இரண்டு கருவிகளிலும் புளூடூத்தைத் திறந்து, மேசைத் தொலைபேசியில் தேடச் செய்து, இரண்டு திரைகளிலும் தோன்றும் ஆறு இலக்க எண் ஒன்றாகவே இருக்கிறதா என்று பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். சிரமம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

முதல் வாரம் முழுவதும் குரல் அறுந்து அறுந்தே வந்தது. "ஐயா, கெணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு" என்று ஒரு சாரதி சொன்னார். சாதாரண புளூடூத் கருவிகளுக்குப் பத்து மீற்றர் தூரம் என்று சொல்வது இடையில் ஒன்றும் இல்லாத வெளிக்கான கணக்கு என்பதை அப்போதுதான் புரிந்துகொண்டேன். எனது மேசைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஆளுயர இரும்பு அலுமாரி ஒன்று நின்றது. அதை இன்னொரு சுவருக்கு நகர்த்திய அன்றே பாதிக் குறை தீர்ந்தது. மீதிக் குறைக்குக் காரணம், மேசைத் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே வைத்திருந்த வைஃபை பெட்டி. இரண்டும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில்தான் இயங்குகின்றன. புளூடூத் அந்த அலைவரிசையை 79 சிறு தடங்களாகப் பிரித்து, நொடிக்கு 1600 தடவை தடம் மாறித் தாவுகிறது. நெரிசலான தடங்களை விலக்கிச் செல்லவும் அதற்குத் தெரியும். ஆனாலும் கைக்கெட்டும் தூரத்தில் இன்னொரு பெட்டி ஓயாமல் இரைந்துகொண்டிருந்தால் அதுவும் என்ன செய்யும்? வைஃபை பெட்டியை அறையின் மறுகோடிக்கு மாற்றி, கணினிகளை 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாற்றிய பிறகு குரல் தெளிந்தது.

தீர்க்க முடியாத ஒரு தடை மட்டும் இன்றும் இருக்கிறது. சம்பள முற்பணம் கொடுக்கும் நாளில் எனது மேசைக்கு முன்னால் பத்துப் பேர் வரிசையாக நிற்பார்கள். மனித உடலில் பெரும்பகுதி நீர். இந்த அலைகளை நீர் விழுங்கிவிடும். அந்த நாட்களில் மேசையில் பேசுவதை விட்டுவிட்டு, பழையபடி ஜன்னலுக்கே போய்விடுகிறேன். மனிதர்களை அலுமாரியைப் போல நகர்த்த முடியாதே.

குரலின் தரத்தைப் பற்றி நேர்மையாகச் சொல்வதானால், கையடக்கத் தொலைபேசியைக் காதில் வைத்துப் பேசும்போது உள்ள தெளிவு இதில் ஒரு படி குறைவுதான். கைபிடியில் பேசினால் அந்த வித்தியாசத்தை மறந்துவிடலாம். ஒலிபெருக்கியில் போட்டால் எதிர்முனையில் இருப்பவருக்குத் தன் குரலே திரும்பிக் கேட்கிறது. கல் சுவர் அறையில் அது இன்னும் மோசம்.

பெயர்ப் பட்டியலைப் பற்றி ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். இணைக்கும்போது, சேமித்த பெயர்களையும் அழைப்பு விபரங்களையும் பகிரட்டுமா என்று கையடக்கத் தொலைபேசி கேட்கும். நான் யோசிக்காமல் சம்மதித்தேன். தமிழில் சேமித்திருந்த பெயர்கள் எல்லாம் எனது மேசைத் தொலைபேசியின் திரையில் வெறும் கட்டங்களாக வந்து நின்றன. மடக்கும்பரையில் இருக்கும் மைத்துனரும் கட்டங்கள்தான், கொழும்புத் தரகர் அலுவலகமும் கட்டங்கள்தான். அலுவலகம் தொடர்பான நாற்பது பெயர்களை மட்டும் ஆங்கில எழுத்தில் மாற்றி எழுதினேன். உறவினர்கள் கட்டங்களாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். யார் யார் அழைத்தார்கள் என்பதை மேசைக்கு வருகிறவர்கள் எல்லோரும் வாசிக்க முடியாமல் இருப்பதும் ஒருவகையில் நல்லதாகவே போயிற்று.

ஏனெனில் இந்த வசதியின் பெரிய குறை அதுதான்: சொந்தத் தொலைபேசி பொதுத் தொலைபேசி ஆகிவிடுகிறது. ஒருநாள் நான் மடுவத்தில் நின்றபோது, ஜன்னலில் விட்டு வந்த கையடக்கத் தொலைபேசிக்கு அழைப்பு வந்திருக்கிறது. மேசையில் மணி அடித்ததும், அப்போது அங்கே நின்ற தோட்ட முகாமையாளரான துரையே எடுத்திருக்கிறார். எனது மனைவி "ஹலோ" என்ற குரலை மட்டும் கேட்டுவிட்டு, வரும்போது வாங்கி வர வேண்டிய பருப்பு, நெத்தலி, லாம்பெண்ணெய் என்று முழுப் பட்டியலையும் ஒப்புவித்து முடித்திருக்கிறார். துரை அதை ஒரு துண்டில் எழுதி மேசையில் வைத்திருந்தார். அன்றிலிருந்து மேசையை விட்டு எழுந்தால் கையடக்கத் தொலைபேசியும் சட்டைப்பைக்குள் வந்துவிடும். பக்கத்து மேசைத் தம்பி அவசரத்தில் இணைப்புப் பொத்தானை மாற்றி அழுத்தி, எனது பெக்கேஜ் நிமிடங்களில் கண்டிக்கு அரை மணிநேரம் பேசிய கதையும் உண்டு; அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் இப்போது சிவப்புத் துண்டு ஒன்று ஒட்டியிருக்கிறேன்.

2023 தொடக்கத்தில் அட்டவணைப்படி மின்துண்டிப்பு நடந்துகொண்டிருந்த நாட்களில் இன்னொன்றையும் கற்றுக்கொண்டேன். மின்சாரம் போனதும் மேசைத் தொலைபேசி அணைந்துவிடும். ஆனால் அழைப்பு அறுந்துவிடாது, அது கையடக்கத் தொலைபேசிக்கே திரும்பிவிடும். இது தெரியாத முதல் தடவை, எதிர்முனையில் இருந்தவர் ஜன்னலுக்கு வெளியே கொழுந்து லொறி பின்னுக்கு வரும் சத்தத்தைச் சில நிமிடங்கள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். இதற்கு நேர்மாறானதும் நடக்கும். வெளியே பேசிக்கொண்டே அலுவலகத்துக்குள் நுழைந்தால், கருவிகள் இரண்டும் தாமாகவே இணைந்து, குரல் காதிலிருந்து மேசைக்குத் தாவிவிடும். சம்பளத் தகராறு ஒன்றைப் பேசிக்கொண்டு வந்த நாளில் அப்படித் தாவியது அவ்வளவு நல்லதாக இருக்கவில்லை. தானாக இணைவதை நிறுத்திவைத்துவிட்டு, காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டு முடிந்து வந்து உட்கார்ந்ததும் கையால் இணைத்துக்கொள்வதே இப்போது எனது வழக்கம்.

பக்கத்துத் தோட்டத்து லிகிதர் இதே போல ஒன்று வாங்கலாமா என்று போன மாதம் கேட்டார். முதலில் சமிக்ஞை கிடைக்கும் மூலையைக் கண்டுபிடித்து, அங்கிருந்து மேசை வரை அடியால் அளந்து, நடுவில் இரும்பு ஏதும் நிற்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். அவர் அளந்து பார்த்திருக்கிறார்: பதினான்கு அடி, நடுவில் சாமிப்படம் மாட்டிய மரத்தூண் ஒன்று. மரத்தால் பெரிதாகப் பாதகம் இல்லை, வாங்குங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.