டென்ட்ரிமரா, ஹைப்பர்பிராஞ்ச்டா? எத எடுக்கலாம்

மருந்த உடம்புக்குள்ள சுமந்துட்டு போக கிளை கிளையா பிரியற பாலிமர் வேணும்னா ரெண்டு வழி இருக்கு: அடுக்கடுக்கா ஒழுங்கா கட்டற டென்ட்ரிமர், ஒரே மூச்சுல ஒழுங்கில்லாம கிளைவிடற ஹைப்பர்பிராஞ்ச்டு.

டென்ட்ரிமர்ல பாமாம் (பாலிஅமிடோஅமின்) தான் ரொம்ப பிரபலம், 1985ல டொனால்ட் டொமாலியா டீம் டவ் கெமிக்கல்ல இருந்து வெளியிட்டது. எத்திலீன்டைஅமின்ல மெத்தில் அக்ரிலேட்ட சேர்க்கணும், அப்புறம் மறுபடி எத்திலீன்டைஅமின எக்கச்சக்கமா ஊத்தணும், மிச்சத்த சுத்தமா வெளியேத்தணும், ஒவ்வொரு ஜெனரேஷனுக்கும் (அதாவது ஒவ்வொரு கிளை அடுக்குக்கும்) இதே கூத்து தான், கொஞ்சம் டைஅமின் உள்ள தங்கிட்டா கூட அதுல இருந்து தனியா குட்டி டென்ட்ரிமர் முளைச்சு எல்லாம் கலந்துடும். பொறுமை இல்லாதவங்க பக்கமே போகாதீங்க! ஆனா நாலாவது ஜெனரேஷன்ல வெளிப்பக்கம் 64 அமின், சைஸ் சுமார் 4.5 நானோமீட்டர், கிட்டத்தட்ட எல்லாமே ஒரே அச்சு.

ஹைப்பர்பிராஞ்ச்டு பாலிகிளிசரால் ஒரே பாத்திரத்துல முடிஞ்சிடும். கோர்ல, அதாவது நடுவுல இருந்து கிளை தொடங்கற மாலிக்யூல்ல, இருக்கற ஹைட்ராக்சில்ல கொஞ்சத்த மட்டும் காரம் போட்டு ஆக்டிவேட் பண்ணிட்டு கிளிசிடால்ங்கற மோனோமர (பாலிமரா கோக்கற குட்டி மாலிக்யூல) சூட்டுல சொட்டு சொட்டா விடணும், அவசரப்பட்டு ஊத்தினா சைஸ் கன்னாபின்னானு ஆயிடும். எவ்ளோ கவனமா செஞ்சாலும் கிளை டென்ட்ரிமர் மாதிரி முழுசா அமையாது, பாதியோ அதுக்கு கொஞ்சம் மேலயோ தான்.

ரத்தம்னு வந்தா பாமாமோட பாசிட்டிவ் சார்ஜ் அமின் செல் சவ்வையே ஓட்டை போடும், அதனால அசிட்டைல் இல்லனா பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) போட்டு அத மூடணும். பாலிகிளிசரால் ரத்தத்தோட நல்லாவே ஒத்துப்போகும், வான்கூவர்ல பிரிட்டிஷ் கொலம்பியா யுனிவர்சிட்டில ரத்தத்துல இருக்கற ஆல்புமின் புரதத்துக்கு பதிலா போடலாமானு கூட பாத்திருக்காங்க. ஒரே குறை, ஈதர் முதுகெலும்பு உடம்புல லேசுல உடையாது, பெரிய மாலிக்யூல் கிட்னி வழியா வெளியேறவும் செய்யாது.

என்னோட ஓட்டு பாலிகிளிசராலுக்கு தான். நெகட்டிவ் சார்ஜ் உள்ள டிஎன்ஏவ சுமக்கணும்னா மட்டும் பாமாம், அங்க அந்த பாசிட்டிவ் சார்ஜே தான் உதவுது.