கும்பகோணத்துலேருந்து சிங்கப்பூர்: திருச்சியா, சென்னையா?

தை மாசம் தம்பி வீட்டுக்கு சிங்கப்பூர் போயிட்டு வந்தேன், போகும்போது திருச்சி, வரும்போது சென்னை. எங்க தெருவுல யார் டிக்கெட் போட்டாலும் இந்தப் பேச்சு வருது, அதான் எழுதிடலாம்னு.

வானத்துல பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். எங்கேருந்து ஏறினாலும் மூவாயிரம் கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட வரும், சுமாரா நாலேகால் மணி நேரம். அங்க நம்மளவிட ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடும், அதனால ராத்திரி பன்னெண்டரைக்கு ஏறினா, இறங்கும்போது அவங்க கடிகாரத்துல காலைல ஏழேகால். டிக்கெட்ல போட்டிருக்கிற நேரத்தப் பாத்து ஏழு மணி நேரப் பயணம்னு எங்க அத்தை பயந்தே போயிட்டாங்க.

வித்தியாசமெல்லாம் தரையிலதான். திருச்சி ஏர்போர்ட்டுக்கு தஞ்சாவூர், வல்லம், துவாக்குடி வழியா நூறு கிலோமீட்டருக்குள்ளதான், ரெண்டரை மணி நேரத்துல போயிடலாம். சென்னை முன்னூறு கிலோமீட்டர், ஆறு ஏழு மணி நேரம், லீவு முடியிற ஞாயித்துக்கிழமைன்னா பெருங்களத்தூர்கிட்ட எவ்வளவு நேரம் நிப்போம்னு சொல்லவே முடியாது.

ஆனா எனக்கு முடிவு பண்ணினது அது கூட இல்ல, ஏத்திவிட வர்றவங்கதான். நம்ம பக்கம் தனியா யாரு ஏர்போர்ட் போறா? அப்பா, அம்மா, சித்தப்பா, குழந்தைங்கன்னு வண்டி நிறைய வருவாங்க. அப்பாவுக்கு எழுபது ஆகுது. திருச்சில என்னை உள்ள அனுப்பிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான் பெட்டி போட்டு முடிக்கிற வரைக்கும் நின்னு பாத்துட்டு, நான் பிளேன் ஏறி சீட்ல உக்காரும்போது "வீட்டுக்கு வந்தாச்சு, மாட்டுக்கு வைக்கோல் போட்டாச்சு"ன்னு போன் பண்ணிட்டாங்க. சென்னையில என்னைக் கூட்டிட்டுப் போக வந்தப்ப, பிளேன் லேட்டு, ராத்திரி பூரா வெளில சேர்ல உக்காந்திருந்து, மறுபடி ஏழு மணி நேரம் கார்ல கால மடக்கியே வந்து, ரெண்டு நாள் வீங்கின காலோட இருந்தாங்க. வாடகை வண்டிக்கும் கிலோமீட்டர் கணக்குதானே, சென்னைக்கு மூணு மடங்கு ஓடுது, டிரைவர் படி தனி. டிக்கெட்ல மிச்சம் பிடிச்சது அதுலயே போயிடுச்சு.

சென்னைக்கும் நியாயம் சொல்லணும். சிங்கப்பூருக்கு அங்கேருந்து பிளேன் அதிகம், நேரமும் நம்ம இஷ்டத்துக்குக் கிடைக்கும், ஒண்ணு கேன்சலானா அடுத்ததுக்கு மாத்திக்க வழி இருக்கு. திருச்சில பொங்கல், தீபாவளி சமயத்துல விலை நல்லா ஏறிடும், ஒரு மாசம் முன்னாடியாவது போட்டுடணும். திருச்சி ஏர்போர்ட்ல இப்ப அந்தப் பழைய நெரிசல் இல்ல, 2024ல புது டெர்மினல் வந்துடுச்சு, கோபுரம் மாதிரி முகப்பு. நான் போனது ஒரு தடவைதான், சாதாரண நாள், கூட்ட நாள்ல எப்படின்னு போனவங்கதான் சொல்லணும்.

தனி ஆளு, ஒரே பெட்டின்னா சென்னையும் கஷ்டமில்ல. ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ்ல ஏறி காலைல தாம்பரத்துல இறங்கி, எலக்ட்ரிக் ட்ரெயின்ல திரிசூலம் போனா எதிர்லயே ஏர்போர்ட். அன்னைக்கு மதியத்துக்கு மேல கிளம்புற பிளேனாப் பாத்துப் போடுங்க, ட்ரெயின் லேட்டானாலும் பதறாம போகலாம்.