ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் கை, கால் கட்ட: ரப்பர்ஹோஸா, டூயிக்கா?

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளில், வரைந்த பாத்திரத்தின் கை, கால்களை அசைக்கும்படி கட்ட (ரிக் செய்ய) உதவும் துணைக் கருவிகள் இவை இரண்டும்.

விலை: ரப்பர்ஹோஸுக்குக் காசு கட்ட வேண்டும். டூயிக் இலவசம்.

தொடக்கம்: ரப்பர்ஹோஸில் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் கண்ட்ரோலருடன் (பிடித்து நகர்த்தும் புள்ளி) குழாய்க் கை உடனே வந்துவிடும்; தோளை உடம்பு லேயரோடு (உடம்பு வரைந்த அடுக்கு) பேரண்ட் செய்தால், அதாவது அதோடு சேர்ந்து நகரும்படி இணைத்தால், அசைக்கலாம். டூயிக்கில் மேற்கை, முன்கை, உள்ளங்கை மூன்றும் தனித்தனி லேயர். லேயர் சுழலும் மையமான ஆங்கர் பாயிண்டை முறையே தோள், முழங்கை, மணிக்கட்டில் வைத்த பிறகே ஐகே (நுனியை நகர்த்தினால் மூட்டுகள் தானாக மடங்கும் முறை) போட வேண்டும். இதில் அவசரமே கூடாது. முழங்கைப் புள்ளி சற்று விலகினாலும் மடக்கும்போது மூட்டு பிய்ந்து இடைவெளி தெரியும். இரண்டு துண்டின் முனைகளையும் ஒரே அளவு அரைவட்டமாக வரைந்து, அதன் மையத்தில் புள்ளியை வையுங்கள்.

கை தப்பான பக்கம் வளைந்தால்: ரப்பர்ஹோஸில் பெண்ட் டைரக்‌ஷனின் (வளையும் திசைக்கான எண்) பிளஸ், மைனஸை மாற்றினால் போதும்.

வெறும் கோடாக வரைந்த கைகளோடு சீக்கிரம் முடிக்க வேண்டிய விளக்கப் படத்துக்கு ரப்பர்ஹோஸ். சட்டை மடிப்பும் நிழலுமாக வரைந்து, முதுகெலும்புவரை கட்ட வேண்டிய பாத்திரத்துக்கு டூயிக்தான்.